எடைப்பாலத்தில் ஒரு குதிரை

கடைசி லோரி போனபின்
எண்ணெய்ப் பிசுக்கேறிய எடைப்பாலத்தில்
லங்சாட்டை ஏற்றி நிறுத்தினேன்.
திரையில் நானூற்று இருபது.
இருபது இருபதாய்த்தான் எண்ணும் இந்த எந்திரம்,
பத்து கிலோ பொய் இருக்கலாம்.
நான்கால் வகுத்தேன்: ஒரு காலுக்கு நூற்றைந்து.
குளம்போ என் தேநீர்க் கோப்பையின் சாசர் அளவு.

ரோஸ்லி வரும் வாரம் இது.
ஈப்போவிலிருந்து, பட்டறையை வேனில் ஏற்றிக்கொண்டு,
ஆறு வாரத்துக்கு ஒரு முறை.
இருநூற்றெண்பது ரிங்கிட், ரசீது கிடையாது.
போன தடவை குளம்பைத் தொடைமேல் ஏந்தி
கத்தி முனையால் காட்டினார்:
“பார் தமயந்தி, ஆணித் துளைகள்
ஒன்றோடொன்று சேரப் பார்க்குது.
கொஞ்ச நாள் வெறுங்காலில் விடேன்.”
லாடம் அடித்துப் பிழைப்பவரே
லாடம் வேண்டாம் என்றால்
கேட்கத்தானே வேண்டும்.

கேட்டேன்.
முதல் வாரமே ஆலைச் சாலையில்
கம்பெனி புதுச் சல்லி கொட்டியது.
லங்சாட் நடந்தது,
கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்தவன்
உச்சி வெயிலில் தார் ரோட்டைக் கடப்பதுபோல.
பின்னால் வந்த லோரிக்காரன் ஹாரன்கூட அடிக்கவில்லை,
பாவம் பார்த்தான். அதுதான் சுட்டது.
கோலாலம்பூரிலிருந்து சவாரிக்கு வந்த பெண்
“நொண்டுதா?” என்றாள்.
“யோசிக்குது” என்றேன்.

மச்சினன் தவசீலனுக்குச் சிரிப்பு.
“தீ மிதிக்கிற ஊருல
குதிரைக்கு மட்டும் எதுக்கு அண்ணி செருப்பு?”
அவன் மிதித்தது ஒரே ஒரு முறை.
அப்புறம் பத்து நாள் களிம்பு தடவியது யாரென்று
நான் கேட்கவில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன்.
லாடத்தோடு போனால்
பேராங் கடைவரிசையே திரும்பிப் பார்க்கும்.
இரும்புக்கடை ஆ கியோங்
கல்லாவிலிருந்து தலை தூக்குவார்.
இப்போது பூனைபோலப் போகிறோம்,
யாருக்கும் தெரிவதில்லை.
அந்த டக் டக் எனக்காகத்தான் ஒலித்தது,
குதிரைக்காக இல்லை.

நவம்பர் மழை.
குளம்படியில் இருக்கும் மெத்தைக்கு
ரோஸ்லி வாயில் தவளை என்று பேர்.
லாடக் காலத்தில் அந்தத் தவளை
தரையைச் சரியாகத் தொட்டதில்லை;
மழை வந்தால் இடுக்கில் கறுத்து
பெலாச்சான் டப்பாவைத் திறந்த வாடை அடிக்கும்.
நேற்று கட்டைவிரலால் அழுத்தினேன்.
உறைந்த கித்தாப் பால்போலத் திண்ணென்று
திருப்பித் தள்ளியது.

அத்தோடு முடிந்ததா?
பத்தொன்பதாம் பிளாக்கில்
வெட்டிப் போட்ட செம்பனை மட்டையின் முள்
பாதத்தில் ஏறியது.
மூன்று நாள், உப்பு வெந்நீர் வாளியில்
காலை வைத்துக்கொண்டு நின்றோம் இருவரும்.
லாடம் இருந்தாலும் ஏறியிருக்கும் என்றார் ரோஸ்லி, போனில்.
உண்மைதான். இரவு மூன்று மணிக்கு
அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்ய.

ரப்பர் பூட்ஸ் வாங்கினேன்.
கித்தா மரமெல்லாம் வெட்டிச் சாய்த்த தோட்டத்துக்கு
கப்பலேறி வந்து சேர்ந்தது ரப்பர்.
இடது கால் பூட் கால்வாய்ச் சேற்றில் போச்சு.
வலது, ஸ்டோரில் இருக்கிறது;
ஒரு பூனை அதில் குட்டி போட்டிருக்கிறது.

இன்று காலை கடிவாளத்தைத் தளரவிட்டேன்.
சல்லி தொடங்கும் இடத்தில்
லங்சாட் என்னைக் கேட்காமல் விலகி
இரண்டு டயர்த்தடங்களுக்கு நடுவே
ஒரு முழ அகலப் புல்லில் ஏறிக்கொண்டது.
இந்த ஏழு வருஷத்தில்
அங்கே புல் இருப்பதையே நான் பார்த்ததில்லை.
ஆனால் சனிக்கிழமைச் சவாரி பத்து கிலோமீட்டர்,
பாதிக்கு மேல் ஆற்றுக்கல்.
ஆற்றில் ஏது நடுப்புல்?

வேன் வளைவில் தெரிகிறது.
முன்னங்கால் இரண்டுக்கு மட்டும் என்று சொல்லலாம்.
மழை ஓயட்டும் என்று சொல்லலாம்.
ஒரு பையில் இருநூற்றெண்பது,
மறு பையில் அறுபது, சீவிவிடும் கூலி.
எடைப்பாலத்தில் லங்சாட்
பின்னங்கால் ஒன்றைத் தளர்த்தி மடித்து
மூன்று கால்களில் நின்று இளைப்பாறுகிறது,
என் வகுத்தலைத் தப்பாக்கிவிட்டு.