கால் பிடித்தம்

விண்டர்தூர் ரயில் நிலையத்துக்குப் பின்னால்
முன்னொரு காலம் பருத்திக் கிடங்காயிருந்த மண்டபத்தில்
பத்திலிருந்து ஐந்துவரை நிற்பது என் வேலை.
தொடக்கூடாது என்று சொல்லவேண்டும்.
பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை,
பிள்ளைகளைத் தவிர.

கம்பெனியின் பழைய பெட்டகத்திலிருந்து
நீலத்தாள் பொட்டலங்களை எடுத்து
நூலில் தொங்கவிட்டிருக்கிறாள் உர்சினா,
நானூற்றுப் பன்னிரண்டு.
ஒவ்வொன்றிலும் ஒரு பிடி மாதிரிப் பஞ்சு.
தூத்துக்குடி, சாத்தூர், விருதுபட்டி
என்று சாய்வெழுத்தில் யாரோ ஒரு கணக்கரின் பேனா.
எங்களுக்குக் காலனிகளே இருந்ததில்லை என்று
திறப்பு நாளில் ஒரு கனவான் பேசினார்.
நல்ல சூட் போட்டிருந்தார். பருத்திதான்.

இருநூற்றாறாவது பொட்டலம் மட்டும்
முதுகைக் காட்டித் தொங்குகிறது.
முதுகில் தமிழ். பென்சில்.
வீராயி இருமல். கால் பிடித்தம்.

கீழே அட்டையில், மூன்று மொழிகளில்:
வீராயி இருமினாள். அவளது காலைப் பிடித்தார்கள்.

இதன் முன்னால்தான் கூட்டம்.
ஒருத்தி கண்ணைத் துடைத்தாள்.
ஒரு பேராசிரியர்
பிடிக்கப்பட்ட காலைப் பற்றி மாணவர்களுக்கு
இருபது நிமிஷம் சொன்னார்.
ஒன்பது நாள் சுவரோடு சுவராய் நின்றேன்.

பேர்னில் ஒரு கோப்பு இருக்கிறது, என்னுடையது.
ஷெல் விழ விழ இரவோடு வெளிக்கிட்டம் என்றேன்.
குண்டு விழுந்த இரவில் அழகாக உடுத்திக்கொண்டோம்
என்று எழுதியிருக்கிறது.
கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

பத்தாம் நாள் கதவடைக்கும்போது சொன்னேன்:
அது கால் இல்லை, உர்சினா. கால்.
விளங்கவில்லை அவளுக்கு.
ஒரு பிராங்க் நாணயத்தை மேசையில் வைத்து
நகத்தால் நாலாய்க் கீறிக் காட்டினேன்.
இருமினதுக்கு, நாட்கூலியில் இவ்வளவு.
யாரும் யாரையும் தொடவில்லை.

தரையில் உட்கார்ந்தாள்.
சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.
இவ்வளவு சின்னதா, என்றாள்.
ஓம். பென்சிலைச் சீவாமலே எழுதி முடிக்கிற அளவு.

அட்டை மாறிவிட்டது.
இப்போது அங்கே யாரும் அதிக நேரம் நிற்பதில்லை.
வாசிக்கிறார்கள், தலையாட்டுகிறார்கள்,
காப்பிக்குப் போகிறார்கள்.
ஒரு சிறுமி மட்டும்
மீதி முக்காலை அவளுக்குக் கொடுத்தார்களா என்று கேட்டாள்.
அது தாளில் இல்லை.

நூறு வருஷத்துக்குப் பிறகும்
தூசி கொட்டுகிறது அந்தப் பஞ்சு.
நாலரை மணிவாக்கில் எனக்குத் தொண்டை கரகரக்கும்.
ஐந்தாகும்வரை அடக்கிக்கொள்கிறேன்.