செலவு: ஒன்று

முதலில் நாலே கிடங்குகள்.
குட்டாயிசியிலிருந்து எத்தனை தண்ணீர்ப் பாட்டில்
எந்த வண்டியில் ஏறியது என்ற கணக்கு போய்ச் சேர்ந்தால் போதும்.
கையாலேயே எழுதினேன்,
இதற்கு இந்த வழி, அதற்கு அந்த வழி.
கோதெர்ஜி கணவாயில் பனி சரிந்து கேபிள் அறுந்த இரவில்
கையால் எழுதியது கையைக் கட்டிக்கொண்டு நின்றது.
நான் எழுந்து, கண்ணாடி தேடி,
வேறு வழி எழுதும்வரை
அகால்சிகே உலகத்தில் இல்லை.

பத்தொன்பது ஆனபோது
தானே வழி தேடும் ஒன்று வேண்டியிருந்தது.
ரிப் எண்ணும், எத்தனை வாசல் தாண்டினோம் என்று மட்டும்.
வாசலுக்கு அப்பால் நெடுஞ்சாலையா ஒற்றையடிப் பாதையா,
அதற்குக் கவலையில்லை.
பதினாறாவது வாசல் அதற்கு முடிவிலி.
ஒரே கம்பெனிப் பெட்டிகளோடு கொஞ்சிப் பேசும் இன்னொன்றும் இருந்தது;
என்னிடமோ மூன்று கம்பெனி,
அதில் பாதி ஏலத்தில் எடுத்தவை.
ஓஎஸ்பிஎஃப் எடுத்தேன்.
ஒவ்வொரு ரவுட்டர் கையிலும் முழு வரைபடம்.
கணவாய் மூடினால் கடற்கரை வழி,
நான் புரண்டு படுப்பதற்குள்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.
பத்து நொடிக்கு ஒரு ஹலோ.
நாற்பது நொடி மௌனம் என்றால் செத்ததாகக் கணக்கு.
யார் ஹலோ சொன்னாலும் பதில் ஹலோ.
நீ யார் என்று கேட்கச் சில வரிகள் எழுதியிருக்கலாம்.
அன்றைக்கு வெள்ளிக்கிழமை மாலை.
அப்புறம் என்றேன்.
மூன்று வருடம் அப்புறமாகவே இருந்தது.

ஜும்பேர் திருடன் இல்லை.
ஓசுர்கெதி கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன்,
இரவில் படிக்கிறான், பரீட்சை எழுதப் போகிறான்.
சந்தையில் பழைய ரவுட்டர் வாங்கி
புத்தகத்தின் ஏழாம் பயிற்சியை அப்படியே தட்டி
காலியாக இருந்த துளையில் செருகினான்.
அது ஹலோ சொன்னது.
என் பெட்டியும் மரியாதையாக ஹலோ சொன்னது.
பிறகு அது சொன்னது:
உலகத்துக்கு வழி என் மூலம்.
செலவு: ஒன்று.

சம்பளப் பட்டியல், சுங்கச் சீட்டு,
கணக்காளர் யாருக்கோ எழுதிய காதல் கடிதம்,
எல்லாம்
தேயிலை அட்டைப்பெட்டிக்கு அடியில் போய் விழுந்தன.
நாற்பத்தோரு நிமிடம்.
எவரும் எதையும் எடுக்கவில்லை.
தூக்கம் போனது அதனால்தான்.
பூட்டு உடையவில்லை; பூட்டே இல்லை.

இயக்குநர் ரெவாஸ் கேட்டார்:
திருட்டு இல்லையே, பிறகென்ன?
வழி கேட்டதும் வாய் திறப்பவனெல்லாம் ஊர்க்காரன் இல்லை என்றேன்.
செலவு எவ்வளவு என்றார்.

கிடங்குப் பக்கத் துளைகளுக்கு வாய்ப்பூட்டு போட்டேன்.
ரவுட்டரும் ரவுட்டரும் பார்த்துக்கொள்ளும் பக்கம் மட்டும் பேச்சு,
அதுவும் சாவியின் முத்திரையோடு.
சாவி கம்பியில் போகாது; அதன் சுவடு போகும்.
வெளியே, இணையம் விற்கிறவர்களோடு பிஜிபி.
அங்கே நட்பு கிடையாது, பட்டியல் உண்டு:
இவ்வளவு சொல்வேன், இவ்வளவுதான் கேட்பேன்.

சாவி மாற்றும் இரவு.
புதியது மூன்று மணியிலிருந்து,
பழையது ஐந்து மணிவரை,
இடையில் இரண்டும் செல்லும்.
மூன்றே காலுக்கு ஹுலோ விழுந்தது.

காவலுக்கு இருந்தவள் ஷுஷானா.
தொலைபேசியில் திரையை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
சாவி சரி.
தேதியைப் படி என்றேன்.
மார்ச் ஒன்று, தொண்ணூற்று மூன்று, என்றாள்.

தொண்ணூற்று மூன்றில் எனக்கு ஒன்பது வயது.
மின்சாரம் இல்லை,
ரொட்டி வரிசையில் அம்மாவுக்கு இடம் பிடித்து நின்றேன்.
அந்தத் தேதியில்
என் சாவிகளில் ஒன்றுகூடப் பிறந்திருக்கவில்லை.

சரியான மணி சொல், என்றேன்.
கைக்கடிகாரம் இல்லை அவளிடம்.
பால் வண்டி இன்னும் வரவில்லை, அப்படியானால் நாலு ஆகவில்லை, என்றாள்.
நான் சொல்லச் சொல்ல
ஒற்றை விரலால் தட்டினாள்,
இடைவெளி எங்கே, புள்ளி எங்கே என்று கேட்டுக் கேட்டு.
பத்து நொடி.
பத்து நொடி.
என் திரையில் ஹுலோ வந்தது.

பெட்டி எப்படி அணைந்தது, ஷுஷானா?

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு,
இப்போது ஹீட்டரை மறுபடி அதே இடத்தில் செருகலாமா என்றாள்.