சொந்த அலுவல்

பெற்றோல் தீர்ந்துபோன ஆண்டில்
வெள்ளிக்கிழமைகளை எங்களுக்குத் தந்தார்கள்.
சுற்றறிக்கை சொன்னது:
கந்தோருக்கு வரவேண்டாம், வீட்டில் பயிர் செய்யுங்கள்.

காணிப் பதிவகத்தில் பதினேழு வருடமாக
பிறத்தியாருடைய எல்லைகளை எழுதுகிறவள் நான்.
வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாருடைய வளவு,
தெற்கே கடல்.
எனக்கென்று இருந்ததோ
குசினிக்குப் பின்னால் ஒரு பாய் விரிக்கிற மண்.

முதல் வெள்ளி கத்தரி நட்டேன்.
அடுத்த வெள்ளி பூவாளியால் தண்ணீர் வார்த்தேன்.
மூன்றாம் வெள்ளி விடியக் கதவைத் திறக்க
கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்கள் இரண்டு
எல்லாவற்றையும் தின்று முடித்துவிட்டு
என்னைப் பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டு நின்றன,
ஓய்வூதியம் உறுதியான உத்தியோகத்தர்களைப் போல.

எனக்குச் சிரிப்பு வந்தது.
தனியே நின்று சிரித்து எத்தனை காலம்.

பிறகு நான் எதையும் நடவில்லை.

மா ஆலையில் இரவு வேலை முடித்து
ஜெயரூபன் ஏழரைக்கு வருவார்,
புருவத்தில் மாவோடு.
ஏழரைக்குத்தான் என் பஸ்.
பன்னிரண்டு வருடமாக வாசற்படியில்
சாவியை மட்டும் கை மாற்றிக்கொண்டோம்.

வெள்ளிக்கிழமைகளில்
அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தூக்கத்தில் மூட்டை எண்ணுகிற மனிதர் என்று
அப்போதுதான் தெரிந்தது.
முப்பத்தாறு வரை எண்ணுவார்.
நிறுத்துவார். மறுபடி ஒன்று.
எழும்பியதும் கேட்டேன், ஏன் முப்பத்தாறு?
"முப்பத்தாறு ஏறினால் லொறி போயிடும்" என்றார்,
நான் முன்பே கேட்டிருக்க வேண்டியது போல.

பின்னேரம் டச்பே மணலில்
கால் நனைத்துக்கொண்டு கடலை தின்றோம்.
அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.
வேறொன்றும் நடக்காத ஒரு நாள்
எவ்வளவு நீளம் என்று யாருக்காவது தெரியுமா?

பெற்றோல் வந்தது. வெள்ளிகள் போயின.
வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு கீற
புவனேந்திரன் ஐயா திரும்பவும் எட்டரைக்கே வந்தார்.

அன்றிரவு என் லீவைக் கூட்டிப் பார்த்தேன்.
காய்ச்சலுக்கும் செத்தவீட்டுக்குமென்று
ஒவ்வொரு வருடமும் பொத்திப் பொத்தி வைத்து
மார்கழி முடிய
காலாவதியாக விட்ட நாட்கள்.
யாருக்காக விட்டேன்?
ஒருவரும் நன்றி சொன்னதாக நினைவில்லை.

இப்போது மாதத்தில் ஒரு வெள்ளி எடுக்கிறேன்.
மேற்கே வியாழன், கோப்புகள் முடியாத வியாழன்.
கிழக்கே சனி, சந்தையும் சலவையும்.
நடுவில் ஒரு துண்டு,
வில்லங்கம் ஏதுமில்லாமல் எனக்கே எழுதியது.

பொய் சொல்ல மாட்டேன்,
திங்கள் காலை மேசையில் உறுதிகள் இரட்டிப்பாய்க் கிடக்கும்.
ஆனாலும் பேனா முன்னைப்போல் கனப்பதில்லை.

படிவத்தில் காரணம் என்ற இடத்தில்
சொந்த அலுவல் என்று எழுதுவேன்.
ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார்.
"அப்படி என்ன பிள்ளை, மாதா மாதம்?"

முப்பத்தாறு வரை எண்ண வேண்டியிருக்கிறது என்று
எப்படிச் சொல்வது?
பேசாமல் நின்றேன்.
அவரும் ஒருமாதிரிக் கையொப்பம் வைத்தார்.

திரும்பி வந்து இருக்க
பக்கத்து மேசை பர்ஸானா
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:
"அந்தப் படிவம் இன்னொன்று இருக்கா?"