கறுப்புக் குழாய்

ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
தணிகைவேலின் பேனா மீட்டர்
எங்கள் தம்ளருக்குள் மூக்கை விட்டுச் சொன்ன எண்.
ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்,
ராத்திரியில் எழுந்து நான்தான் கலக்கிவிட்ட மாதிரி.

முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது.
ராணிப்பேட்டை சிப்காட்டில்
தோல் கழுவிய தண்ணீரைத் திரும்பத் தண்ணீராக்கும் இடத்தில்
பதினொரு வருடமாக வால்வு திருப்புகிறேன்.
காலையில் என் கைக்கு வரும் எண் பதினெட்டாயிரம்.
சாயந்திரம் முந்நூறாக்கி அனுப்பிவிட்டு
வீட்டுக்கு வந்தால்
நாலு விசிலுக்கும் மசியாத துவரம்பருப்பு.
குக்கர் அடியில் வெள்ளைத் தோல் உரியும்.
சில நாள் டீயில் பால் திரியும்.
ஹெப்சிபா தலைக்குக் குளித்தால்
சீப்பு பாதி வழியில் நின்றுவிடும்.

கேன் வாங்கிப் பார்த்தோம்.
மூடி நீலம். உள்ளே இருப்பது எந்தப் போர் என்று
கொண்டுவருகிற பையனுக்கே தெரியாது.
ஒன்பது நாளைக்கு ஒருமுறை காவிரி வரும்,
மேட்டூரிலிருந்து வந்த களைப்பில்
அரைமணி நேரம் மூச்சு வாங்கிவிட்டுப் போய்விடும்.

தணிகைவேல் இரண்டு தம்ளர் வைத்தான்.
ஒன்றில் எங்கள் போர், ஒன்றில் அவன் பாட்டில் தண்ணீர்.
கம்பிகளை இறக்கி சுவிட்சைத் தட்டினான்.
எங்களுடையது கலங்கிப் பழுப்பாகி
சாக்கடையாய் நுரைத்தது.
"இதத்தான் மேடம் குடிக்கிறீங்க."
ஹெப்சிபா வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் எழுந்து போய்
உப்பு ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து
அவன் தண்ணீரில் போட்டேன்.
"இப்ப தட்டுங்க."
அதுவும் பழுப்பானது.
உப்பிருந்தால் கரண்ட் ஓடும்,
ஓடினால் கம்பியின் இரும்பு கரையும், அவ்வளவுதான்.
யாரும் பேசவில்லை. ஃபேன் மட்டும்.
"தெரியும் சார்" என்றான்,
கைக்குட்டையில் கம்பியைத் துடைத்தபடி.
"மாசம் பதினாலு தள்ளணும். எட்டுதான் போயிருக்கு.
இன்னிக்குத் தேதி இருபத்தெட்டு."

ஜெசிந்தா அவனுக்கு டீ போட்டாள்.
பால் திரியாத நாள் அது.

அதற்கப்புறம் பேச்சு நேராக வந்தது.
யூவி விளக்கு கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது.
கார்பன் வாடையை வாங்கிக்கொள்ளும், உப்பை விட்டுவிடும்.
உப்புக்கு ஒரே வழி சவ்வு,
நான் வேலையில் அமிலம் விட்டுக் கழுவுகிற அதே சவ்வு,
நாலு குடம் கொடுத்தால் ஒரு குடம் தருவது.
"மீதி மூணு?" என்றாள் ஜெசிந்தா.
மெல்லிய கறுப்புக் குழாய் ஒன்றைக் காட்டினான்.
"அது எங்க போவும்?"
"சிங்க்குல மேடம். அங்கேர்ந்து தெருவுல."
"தெருவுலேர்ந்து?"

அவன் என்னைப் பார்த்தான்.

பதில் எங்கள் ஷெட்டில் இருக்கிறது.
கடைசிச் சொட்டு வரை கொதிக்கவைத்து
மிஞ்சும் உப்பைச் சாக்கில் கட்டி,
தேதி எழுதி, தார்ப்பாய் மூடி அடுக்குகிறோம்.
கூரை தொட்டதும் பக்கத்தில் இன்னொரு ஷெட்.
எடுக்கலாம், ஒதுக்கலாம், அடுக்கலாம்.
உப்பை இல்லாமலே ஆக்கும் மிஷினை
இதுவரை யாரும் விற்க வரவில்லை.

வாங்கினோம். அவனுக்கு அது ஒன்பதாவது.
தாமிரம், ஆல்கலைன் ஒன்றும் சேராத
ஏழை மாடல்.
கறுப்புக் குழாயை நீட்டி
நீல டிரம்முக்குள் விட்டேன்,
கக்கூஸுக்கு, தரைக்கு, ஸ்கூட்டி கழுவ.
காவிரி வரும் நாளில் மிஷினுக்கு லீவு.
துணியில் வடிகட்டிக் காய்ச்சினால் போதும்.

ஸ்கூட்டி காய்ந்ததும் மட்கார்டில் வெள்ளை பூக்கும்.
நகத்தால் சுரண்டிப் பார்க்கிறேன்,
ஷிஃப்ட் முடியாதவன் போல.

ஜன்னலில் பெயிண்ட் டப்பாவில் கறிவேப்பிலை.
டிரம் தண்ணீர் ஊற்றியதில் ஒருமுறை கருகியது.
இப்போது ஜெசிந்தா
குடிக்கிற தண்ணீரிலிருந்து
தினம் அரைத் தம்ளர் அளந்து ஊற்றுகிறாள்.
கொழுந்து விட்டிருக்கிறது.
அந்த அரைத் தம்ளருக்கு
ஒன்றரைத் தம்ளர் டிரம்மில் விழுகிறது.
அந்தக் கணக்கை நான் அவளிடம் சொல்லவில்லை.