இரண்டு ஷேட் இறக்கி

சனிக்கிழமை ஷட்டரைப் பாதி தூக்கும்போதே
துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு நிற்கிறாள் ஜெனோவா.
நரிமேட்டு வெயிலுக்கு என்று நினைத்தேன்.
அவிழ்த்தபோது தெரிந்தது,
வெயிலே உள்ளேதான் இருக்கிறது.

கேட்டது பருத்திப்பால் நிறம்.
விளக்குத்தூண் தள்ளுவண்டியில்
கருப்பட்டி கூடுதலாய் விழுந்த ஒரு டம்ளரை
போட்டோ எடுத்துவந்து காட்டியிருந்தாள்:
"இதே மாதிரி, அங்கங்கே."
வந்தது
மக்காச்சோளக் கதிரை உரித்தால்
உள்ளே கிடக்குமே, அந்த நார்.

"திங்கக்கிழமை ஒத்தக்கடை போகணும்க்கா.
ஹைகோர்ட்டுல முதல்தடவை நானே பேசுறது."
கறுப்புக் கோட்டு, வெள்ளைக் கழுத்துப்பட்டி,
மேலே இது.
"சீனியர் ஒண்ணும் சொல்லலை.
கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு
திரும்பப் போட்டுப் பார்த்தார்."

பேச்சி சிரித்துவிட்டாள்.
துண்டு மடிக்கச் சொல்லிப் பின்னால் அனுப்பினேன்.

"என் முடிதான் சரியில்லையாக்கா?"

"தண்ணி" என்றேன். "போர்த் தண்ணி, ஒரே உப்பு.
வைகைத் தண்ணி வர்ற நாளா இருந்திருந்தா..."
மதுரையில் எந்தப் பழியையும் தண்ணீர்மேல் போடலாம்.
யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

கிண்ணத்தில் ஊதாவைப் பிதுக்குகிறேன்.
மஞ்சளை அடக்கக் கறுப்பு உதவாது.
பூசினால் குளத்துப் பாசியாகிவிடும்.
மஞ்சளுக்கு எதிரி ஊதா.
கத்திரிக்காய்த் தோல் நிறத்தில் ஒரு கோடு,
அதன்மேல் ஏழாம் நம்பர் பழுப்பு.
இழை இழையாய்ப் பிரித்து, ஒன்றை விட்டு ஒன்று.
வெளுத்த முடிக்குத் தாகம் அதிகம்,
கொடுத்ததையெல்லாம் குடிக்கும்.
மூன்றாம் நிமிடம் விரலால் வழித்துப் பார்.
ஐந்தாம் நிமிடம் பார்.
பார்த்துக்கொண்டே இரு.

பார்த்துக்கொண்டே இருந்திருந்தால்
போன புதன்கிழமை ஒன்றும் ஆகியிருக்காது.

ஃபாயிலுக்குள் மருந்து வேலை செய்துகொண்டிருந்தது.
உசிலம்பட்டியிலிருந்து தங்கச்சி போன்.
அம்மாவின் சங்கிலி ஏலத்துக்கு வருகிறதாம்.
வட்டியாவது கட்டினால் நிறுத்திவைப்பார்களாம்.
எவ்வளவு, எந்தத் தேதி, யார் கட்டுவது,
போன வருஷம் நீ என்ன சொன்னே,
நான் என்ன சொன்னேன்.
வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன்.
தெருவில் தண்ணி லாரி ரிவர்ஸில் வந்தது.
அதன் பீப் பீப்பில்
டைமர் அடித்ததே காதில் விழவில்லை.
பதினொரு நிமிடம்.
அங்கே தங்கம் போய்க்கொண்டிருந்தது.
இங்கே வந்துகொண்டிருந்தது.

நாலாம் நிமிடம். வழித்துப் பார்க்கிறேன்.
வெளிச்சம் இன்னும் கூடுதல்.
"சண்டை போட வந்தேன்னு நினைக்காதீங்கக்கா.
காசு திருப்பிக் கேக்கலை. அடங்குனாப் போதும்."

ஐந்தரை.
வாஷ்பேசினில் அவள் கழுத்து என் கையில்.
கண்ணை மூடியிருக்கிறாள்.
முகம் பார்க்காமல் சொல்ல
இதைவிட நல்ல இடம் கிடையாது.
"அன்னிக்கு ஒரு போன் வந்துச்சு" என்றேன்.
"ரெண்டு நிமிஷம் கூடிப்போச்சு."

பதினொன்றுக்கு இரண்டு.
அப்படித்தான் இறங்கியது வாயில்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.
"அப்போ தண்ணியில்லையா?"
"தண்ணியும்."

காயவைத்தோம். பருத்திப்பால் வரவில்லை.
மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்புகிற அவசரத்தில்
பால் கூடிப்போன டீ என்று சொல்லலாம்.
அவளுக்குப் பரவாயில்லை.
தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.
காதோரம் ஒரே ஓர் இழை
சொன்னபேச்சுக் கேட்காமல் மின்னியது.
"ஜட்ஜ் கண்ணுல படுமாக்கா?"
"ஜன்னல் பக்கம் நிக்காத."

காசு வாங்கவில்லை.
துப்பட்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு
செருப்பு மாட்டும்போது, குனிந்தபடியே கேட்டாள்:
"ரெண்டு நிமிஷத்துலயா இவ்வளவு வெளுக்கும்?"

துண்டு மடித்துக்கொண்டிருந்த பேச்சி நிமிர்ந்தாள்.
அன்றைக்கு டைமரை நிறுத்திவிட்டு
என்னைக் கூப்பிட வாசலுக்கு வந்தவள்.