பன்னிரண்டு பக்கம்

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் கூடத்தில்
பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும்.
முப்பது வருஷம் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு எழுதியவள் நான்.
வந்தவன் பெயருக்கு நேரே ஒரு கோடு போதும்.
வராதவனுக்குத்தான்
காரணம், கடிதம், விசாரணை எல்லாம்.
இங்கேயும் அப்படித்தான்.

ஏகாம்பரம், தகப்பன் தாண்டவன், வயது பதினேழு,
வட ஆற்காடு ஜில்லா, போளூர் தாலுகா,
உடல் அடையாளம்: வலது முழங்காலில் தழும்பு.
என் பூட்டனார்.
இறங்கினார். ஐந்து வருஷம் கரும்பு வெட்டினார். இறந்தார்.
மூன்று வரி.
அவ்வளவு ஒழுங்கான மனிதர்.

அதே கப்பல், அடுத்த எண்:
செங்கேணி, தகப்பன் தாண்டவன், வயது இருபத்திரண்டு,
இடது புருவத்தில் வெட்டு.
அப்படி ஒரு அக்கா இருந்தாள் என்று
எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறந்ததில்லை.

அவளுக்கு ஒரு கட்டே இருக்கிறது, நாடா போட்டு முடிந்து.
காய்ச்சல் என்று படுத்தாள்: மூன்று நாள் கூலி பிடித்தம்.
சர்தார்மேல் புகார் கொடுத்தாள்:
ஏழு நாள் சிறை, அவளுக்கு.
ஓடினாள். எஸ்ட்கோர்ட் பக்கம் பாஸ் இல்லாமல் பிடிபட்டாள்.
மறுபடி ஓடினாள்.
தாளுக்குத் தாள் கையெழுத்து மாறுகிறது, மை மாறுகிறது,
அவள் மாறவில்லை.
கடைசியில் ஓரமாக: இருப்பிடம் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டு மாசம் ஆனது.
கிம்பர்லியில், வைரக் குழிக்குப் பக்கத்து மாதா கோயில் ஏட்டில்
மேரி சென்கேனி, சலவைக்காரி.
மாப்பிள்ளை செயின்ட் ஹெலினா தீவுக்காரன், கொத்தனார்.
பெண்ணின் தகப்பன் பெயர் என்ற இடத்தில் வெறும் கோடு.
மகன் டி ஆரில் ரயிலுக்குக் கரி அள்ளினான்.
பேத்திக்கு வுஸ்டரில், பழம் அடைக்கிற டப்பா ஃபாக்டரியில் வேலை.
ஆளுக்குக் கொஞ்சம் ஸ்டேஷன்,
எல்லாம் பொழுது சாய்கிற பக்கமாகவே.
கொள்ளுப்பேரன் டெஸ்மண்ட், ஹவுட் பேயில் ஸ்னூக் மீன் பிடிக்கிறார்.
ஒரு கடலில் அவளை இறக்கிவிட்டார்கள்;
அடுத்த கடல் குறுக்கே வரும்வரைக்கும்
அந்தக் குடும்பம் நிற்கவில்லை.

எங்கள் அட்டையில் இந்தியர் என்று அடித்தார்கள்,
அவர்கள் அட்டையில் கலப்பினம்.
தாண்டவனுக்கு இதெல்லாம் தெரியாது.

கட்டின் அடியில் செருகியிருந்த தாளை
நான் எடுக்காமல் இருந்திருக்கலாம்.
அவள் முதல் தடவை ஓடியபோது ஒரு சாட்சியின் வாக்குமூலம்:
விடியுமுன் எழுந்தாள். சோள மாவு முடிந்துகொண்டாள்.
மலைப் பக்கம், மேற்கே போகிற பாதை என்று
என்னிடம் மட்டும் சொன்னாள்.
கீழே ஒரு பெருக்கல் குறி.
இது ஏகாம்பரம் தற்குறி.
பக்கத்தில், வேறு மையில்:
ஐந்து ஷில்லிங் கொடுக்கப்பட்டது.

பதினெட்டு வயசு. பயந்திருப்பான்.
யாராவது அடித்திருப்பார்கள்.
அடிக்காமலும் இருந்திருக்கலாம்.
அந்த ஐந்து ஷில்லிங்கில் என்ன வாங்கினான் என்று
டர்பன் வரைக்கும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன்.
கம்பளி என்று ஒரு தடவை.
சாராயம் என்று ஒரு தடவை.

ராத்திரி டெஸ்மண்டுக்குப் போன் போட்டேன்.
அவர் பக்கம் காற்று, நாய்,
யாரோ சட்டி கழுவுகிற சத்தம்.
பெயருக்கு அர்த்தம் கேட்டார்.
சிவந்த கிணறு என்றேன், அம்மன் பெயரும்கூட.
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.
‘ணி’ வரவில்லை. எனக்கே சரியாக வராது.
“அவளுக்கு ஒரு தம்பி இருந்தாரே, எப்படிப்பட்டவர்?”
“கரும்பு வெட்டினார்” என்றேன்.
பொய் இல்லை அது.

நகல், பக்கத்துக்கு மூன்று ரேண்ட்.
பன்னிரண்டுக்கும் ரசீது வைத்திருக்கிறேன்.
உறையில் பதினொன்று இருக்கிறது.
ஒட்டவில்லை இன்னும்.