போத்தலின் முதுகில் எழுதியிருந்தது

தக்கை இழுக்கும் திருகாணியைக்
கைப்பையில் வைத்தது பிழை.
மார்செய் விமான நிலையத்தில் பறித்துவிட்டார்கள்.
சாரத்தில் சுற்றிய போத்தல் மட்டும்
முள்ளியவளை வரை உடையாமல் வந்து
எங்கள் குளிர்பெட்டியில்
தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் படுத்திருந்தது.

அண்ணன் நிமலேந்திரன்
நார்பொன் நகரில் பதினொரு வருசம் கோப்பை கழுவி
பிறகு கோப்பையில் ஊற்றுகிறவனாக உயர்ந்தவன்.
பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி
இடாப்புக் கூப்பிடுகிற வாத்தியார் மாதிரிச் சொன்னான்:
கிரெனாஷ், மார்சான், ரூசான், பூர்பூலாங்.
நாலு திராட்சை, ஒரு வெள்ளை.
"ஒண்டு உடம்பு குடுக்கும், ஒண்டு வாசம், ஒண்டு புளிப்பு."
"நாலாவது?"
"அது பேசாமல் இருக்கும்.
அது இல்லாட்டி மற்ற மூண்டும் அடிபடும்."

தவபாலன் ஆணியும் சுத்தியலும் கொண்டுவந்தார்.
உள்ளே தள்ளிவிடலாம் என்றார்.
"என்னட்டைத் தாங்கோ" என்றேன்.
அம்பகாமம் காட்டில் எட்டு வருசமாக
நாளுக்கு இரண்டு பாய் விரிக்கும் நிலத்தை
விரல் விரலாகச் சுரண்டுகிறவள் நான்.
நீட்டுத் திருகாணி ஒன்று. அரைச் சுற்று.
நிறுத்து. கேள். அரைச் சுற்று.
குறட்டால் இழுக்கும்போது
எல்லாரும் ஏனோ இரண்டடி பின்னால் போனார்கள்.
மெல்லிய ஒரு மூச்சு, அவ்வளவுதான்.
மகள் இதழினி கை தட்டினாள்.

போத்தலின் முதுகில் எழுதியிருந்ததை
அண்ணன் தமிழில் வாசித்தான்:
வாட்டிய மீனோடு, சிப்பியோடு,
ஆட்டுப்பால் கட்டியோடு அருந்தவும்.
எங்கள் ஆட்டுக்கு
குட்டிக்கே பால் போதாது.

முதலில் நந்திக்கடல் இறால் பொரியல்.
வைன் தகரம் மாதிரிக் கைத்தது.
பிறகு நண்டுக் கறி.
தவபாலன் மூக்கால் தண்ணீர் வடிய
"அடுப்புக்கு மண்ணெண்ணெய் ஊத்தினது போல" என்றார்.
அண்ணனின் முகம் வாடிவிட்டது.
மேசைக்கு மேசை நின்று
வெள்ளைக்காரருக்குச் சொல்லிக்கொடுத்தவன்
சொந்தத் தங்கச்சி வீட்டில் தோற்கிறான்.

இதழினியின் கோப்பையில்
மிளகாய் போடாத ஒட்டிச் சொதி இருந்தது.
இரண்டாம் பால், மஞ்சள், கடைசியில் தேசிக்காய்.
பிட்டில் ஊற்றிக் குழைத்து ஒரு வாய் எடுத்தேன்.
பிறகு என் ஒரே ஒரு மிடறு.
(நாளை திங்கள். கை நடுங்கக் கூடாது.)

தேங்காய்ப்பால் கதவைத் திறந்துவிட
வைன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது.
பேரிக்காய் என்றான் அண்ணன்.
நான் பேரிக்காய் தின்று கனகாலம்.
எனக்கு அது
பழுக்க ஒரு நாள் இருக்கும் விளாட் மாம்பழத்தின்
தோலுக்கு அடியில் உள்ள இடம்.

கடைசியில் கல் மாதிரி ஏதோ நின்றது நாக்கில்.
"அது அந்த ஊர்ச் சுண்ணாம்பு" என்றான்.
"மண்ணின்ரை ருசி பழத்தில வரும் எண்டு சொல்லுவினம்."
இங்கே கொடி வைத்தால் என்ன ருசி வரும்
என்று தவபாலன் கேட்டார்.
முகக்கவசத்துக்குள் மத்தியான வெயிலில்
எனக்கு அந்த ருசி தெரியும்.
சொதியில் இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டேன்.

பெயர்த்தாளில் ஒரு படம்:
கட்டை நட்ட வரிசைகள்,
வரிசைக்கு நடுவே நடக்க மட்டும் இடம்,
குனிந்த முதுகுகள்.
எங்கள் ஆட்கள் போல இருந்தார்கள்.
தொப்பிதான் வேறு.

பேனை எடுத்து
ஆட்டுப்பால் கட்டியை வெட்டினேன்.
ஒட்டிச் சொதி, பிட்டு என்று எழுதினேன்.
கீழே: மிளகாய் கூடாது.
அண்ணன் வாங்கிப் பார்த்தான்.
எழுத்துப் பிழை ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு
மிஞ்சியதை எல்லாம் தன் கோப்பையில் ஊற்றி
சொதிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தான்.